எடை கேட்ட மேடம்

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "நீ எத்தனை கிலோ தம்பி?" என்பதுதான்.

கல்லூரியில் எனக்கு அன்று முதல் நாள். செகந்திராபாத்திலிருந்து வரும் கல்லூரி பஸ்ஸில் ஏ.எஸ்.ராவ் நகரில் ஏறினேன். புதுச் சட்டை, புது டிபன் பாக்ஸ், கொஞ்சம் பழைய எம்.டெக். ஒரு அம்மாள் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி, மடியில் துணிப்பை. உட்காரப் போன என்னைக் கையை நீட்டித் தடுத்து இப்படிக் கேட்டார். வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலம். எடை விஷயத்தில் நான் கொஞ்சம் தொட்டாற்சுருங்கி. கூச்சத்தோடு சொன்னேன். அவர் குனிந்து இருக்கையின் அடியைப் பார்த்தார். உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

"ஹவ், உக்காரு. ஓரத்துல நக்கோ, இப்படி நடுவுல வா" என்றார். ஹவ் என்றால் சரி, நக்கோ என்றால் வேண்டாம்.

இருக்கையைத் தாங்கும் இரும்புத் துண்டில் விரிசல் விட்டிருந்தது. அது அந்த பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரியும். டிரைவருக்கும் தெரியும். ஆனால் அங்கே உட்கார வருகிறவனின் எடையைக் கேட்கலாம் என்று தோன்றியது அவர் ஒருவருக்குத்தான்.

கல்லூரியில் எல்லோருக்கும் அவர் மேடம். மெக்கானிக்கல் துறையில் வடிவமைப்பும், கம்ப்யூட்டரில் அதைச் சோதித்துப் பார்க்கும் பாடமும் எடுத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கீழே லேப் பார்த்துக்கொள்ள வந்தவன். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயோடு வந்து மெட்டுகுடாவிலேயே தங்கிவிட்ட குடும்பம் அவருடையது. பூர்வீகம் வேலூர்ப் பக்கம் என்பார். ஒரு தடவைகூடப் போனதில்லை. அவருடைய தமிழில் தெலுங்கும் தக்கனி உருதுவும் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் அப்பா தஞ்சாவூர்த் தமிழைக் கெடாமல் காப்பாற்றி வந்தவர். அதனால் முதல் மாதம் முழுவதும் நான் மேடம் பேசுவதை மனசுக்குள் திருத்திக்கொண்டே கேட்டேன். பிறகு விட்டுவிட்டேன். எனக்கே 'நக்கோ' வர ஆரம்பித்துவிட்டது.

இந்தப் பாடம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் ஒரு பொருளை வரைய வேண்டும். நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எதனால் ஆனது, எங்கே தரையைத் தொடுகிறது, அதன்மேல் எவ்வளவு பாரம் என்று மூன்று விஷயம் சொல்ல வேண்டும். பட்டனைத் தட்டினால் வண்ணப் படம் வரும். நீலமாக இருக்கும் இடத்துக்குக் கவலை இல்லை. சிவப்பாக இருக்கும் இடம் கஷ்டப்படுகிறது. எனக்கு அந்தப் படங்கள் மேல் ஒரே மோகம். பசங்களுக்கும்தான். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் குழைந்து வரும்போது ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருக்கும்.

மேடம் படத்தைப் பார்க்கவே மாட்டார். "பாரம் எவ்வளவு போட்டே?" என்பார். பையன் ஏதோ ஒரு எண் சொல்வான். உடனே அடுத்த கேள்வி வரும், தெலுங்கில்: "எவரினி அடிகாவு?" யாரைக் கேட்டாய் என்று அர்த்தம். பையன் புத்தகத்தைக் காட்டுவான்.

"புக்கா வந்து உக்காரப் போவுது?" என்பார்.

அவ்வளவுதான் அவர். இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லலாம். உலகத்தில் இருக்கும் எல்லா வடிவமைப்பு ஆசிரியர்களும் 'இந்த உத்தரத்தின் மேல் இவ்வளவு பாரம் இருப்பதாகக் கொள்க' என்று ஆரம்பிப்பார்கள். இந்த அம்மாள் மட்டும் 'கொள்ள' மாட்டார். போய்க் கேட்டுக்கொண்டு வரச் சொல்வார்.

ஒரு பெஞ்ச் வடிவமைக்க வேண்டும் என்று ஒரு தடவை வீட்டுப் பாடம் கொடுத்தார். மெட்டுகுடா பக்கம் ஒரு இரானி ஹோட்டல், அதன் வாசலில் போட ஒரு பெஞ்ச். வகுப்பு மொத்தமும் ஹோட்டல் முதலாளியை மொய்த்துக்கொண்டு, உங்கள் கடைக்கு வருகிறவர்கள் எத்தனை கிலோ என்று கேட்டது. அவர் மிரண்டுபோய், "கைக்கு பூச்ரே பாய்?" என்று என்னைக் கேட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்று. வருமான வரிக்காரர்கள் புது வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். நான் விளக்கியதும் அவர் பயம் இன்னும் கூடிவிட்டது. பசங்கள் ஒரு நாள் முழுக்க அங்கேயே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்து, பெஞ்சில் யாரும் சும்மா உட்காருவதில்லை என்று சொன்னார்கள். ஆடுகிறார்கள். ஒருவன் எழுந்ததும் அவன் பக்கம் பெஞ்ச் தூக்கிக்கொள்கிறது. ஒரு ஆள் செருப்போடு அதன்மேல் ஏறி நின்று பல்பு மாற்றினான். அப்புறம் ஒரு ஆடு.

"ஆடு எத்தனை கிலோ?" என்றார் மேடம்.

யாரும் ஆட்டைக் கேட்கவில்லை. ஆட்டுக்காரனையும் கேட்கவில்லை. அதற்கு ஒரு மார்க் போனது.

இதன் விளைவு பல்கலைக்கழகத் தேர்வில் தெரிந்தது. கேள்வித்தாளில் 'ஒரு சங்கிலி பாரத்தைத் தூக்குகிறது' என்று வந்தால், எங்கள் பசங்கள் விடையில் 'பாரத்தை யாரிடம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியப்படுத்தவும்' என்று எழுதிவிட்டு வந்தார்கள். திருத்துகிறவர் மதிப்பெண் போடுவாரா? முட்டைதான் போட்டார். கல்லூரி முதல்வர் மேடத்தைக் கூப்பிட்டுக் குதித்தார். மேடம் அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பசங்க சரியாத்தானே கேட்டிருக்காங்க சார்?" என்றார்.

வகுப்போடு நின்றால் பரவாயில்லை. எங்கள் துறை கிளார்க்கின் கல்யாணத்துக்கு மல்காஜ்கிரியில் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தோம். போட்டோ எடுக்க மாப்பிள்ளை வீட்டார் குடும்பம் குடும்பமாக மேடையில் ஏறினார்கள். மேடம் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து போய் மேடை போட்ட ஆளைத் தேடிப் பிடித்து, இது எத்தனை பேருக்குப் போட்டது என்று கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். அது போதும் இவருக்கு. மேடைக்குப் போய்ப் பெரிய மாமாக்களை எல்லாம் இறக்கிவிட்டு, தவணை முறையில் ஏற்றினார். மாப்பிள்ளையின் பெரியப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டார். அவர்தான் எல்லோரிலும் கனமானவர். மேடம் அவரை மூன்றாம் தவணையில் வைத்திருந்தார். அன்று எனக்கு இவர் மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. பஸ்ஸில் ஒரு வாரம் தள்ளி உட்கார்ந்தேன்.

"மேடம், எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருக்க முடியுமா?" என்று பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"கேட்டா என்ன தம்பி, வாயா தேஞ்சு போவுது? கம்ப்யூட்டர் ரொம்ப நல்ல புள்ள. எதைச் சொன்னாலும் நம்பிடும். சொல்றது நாமதானே, கேட்டுட்டுச் சொல்லலாம்ல?"

இப்போது ஒரு நாற்காலியின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் கல்லூரியை நடத்துகிறவரை எல்லோரும் செக்ரட்டரி சார் என்போம். கீசரா போகிற வழியில் கோழிப்பண்ணைகள் வைத்து முன்னுக்கு வந்து, அதில் ஒரு பண்ணை இருந்த இடத்திலேயே கல்லூரி கட்டியவர். நல்ல மனிதர். ஆகிருதியும் பெரிது. ஒரு ஆண்டு விழாவில் அவருக்கென்று வாடகைக்குக் கொண்டுவந்த சிம்மாசன நாற்காலி, அவர் உட்கார்ந்ததும் கால் மடங்கிக் கீழே போனது. அவரும் போனார். இது நடந்ததாகக் கல்லூரியில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. விழா வீடியோவில் செக்ரட்டரி உட்காரப் போவார். அடுத்த காட்சியில் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருப்பார். நடுவில் எதுவுமே இல்லை.

அடுத்த வருடம் முதல்வருக்கு ஒரு யோசனை வந்தது. நம் மெக்கானிக்கல் பசங்களே வடிவமைத்து, கம்ப்யூட்டரில் சோதித்து, நம் ஒர்க்ஷாப்பிலேயே செய்த நாற்காலியில் செக்ரட்டரி சார் உட்கார வேண்டும். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாம். பொறுப்பு மேடத்துக்கு வந்தது. இறுதியாண்டு மாணவி சுவாதியும் அவள் தோழர்கள் மூன்று பேரும் செய்ய வேண்டியது.

மேடம் ஓய்வு வயதைத் தாண்டி, வருடத்துக்கு வருடம் பணி நீட்டிப்பில் இருந்தார். அந்த வருட நீட்டிப்பு விழா முடிந்ததும் முடிவாகும். கையெழுத்துப் போட வேண்டியவர் செக்ரட்டரி. கல்லூரி இல்லாவிட்டால் இவருக்கு வேறு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இவர் தங்கியிருந்தது தன் தம்பி வீட்டில்; அங்கே எல்லோரும் இவர் கேள்விகளுக்குப் பயந்து டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். "வீட்டுல இருந்தா நான் செவுத்தைத்தான் கேக்கணும் தம்பி" என்று ஒரு நாள் பஸ்ஸில் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். எனக்குத்தான் என்னமோ செய்தது.

முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார்.

"செக்ரட்டரி சார் எத்தனை கிலோ?"

முதல்வர் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். "எழுபத்தஞ்சு போட்டுக்குங்க" என்றார்.

"யாரைக் கேட்டீங்க சார்?"

"மேடம், மரியாதைன்னு ஒண்ணு இருக்கு."

"நாற்காலிக்கு அது தெரியாதே சார்."

"சரி, அதை டபுளாப் போட்டுக்குங்க. சேஃப்டி."

"எதோட டபுள் சார்?" என்றார் மேடம். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். முதல்வர் கூட்டத்தை முடித்துவிட்டார்.

நான் இடையில் புகுந்து, பேசாமல் இருநூறு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம், தொல்லை விட்டது என்று சுவாதியிடம் சொன்னேன். அவள் அதற்கு ஒரு நாற்காலி வரைந்து வந்தாள். சர்க்கஸில் யானை காலைத் தூக்கி வைக்குமே, கிட்டத்தட்ட அது. முதல்வர் பார்த்துவிட்டு, இது கண்ணால் பார்க்கக்கூடிய அவமானம் என்றார். நான் ஒதுங்கிக்கொண்டேன்.

பசங்கள் தாங்களே ஒரு வழி பண்ணினார்கள். செக்ரட்டரி காரில் வந்து போர்ட்டிகோவில் இறங்கும்போது காரின் பின்பக்கம் எவ்வளவு உயருகிறது என்று அளந்தால், அதிலிருந்து எடை கண்டுபிடித்துவிடலாம். கணக்கு என்னவோ சரியானதுதான். ஒருவன் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து அளவுகோலை வைத்தான். இன்னொருவன் வணக்கம் சொல்லி மறைத்தான். விடை வந்தது. சுவாதி அதை லேப்பில் எல்லோருக்கும் காட்டினாள். சின்ன லாரியின் எடை அது. பிறகுதான் தெரிந்தது, அவர் இறங்கிய அதே சமயம் மறுபக்கம் பி.ஏ.வும் இறங்கியிருக்கிறார், டிக்கியிலிருந்து ஹாஸ்டலுக்கு அரிசி மூட்டைகளும் இறங்கியிருக்கின்றன.

மேடம் சிரிக்கவில்லை. "காரைக் கேட்டா அது தன் கஷ்டத்தைத்தான் சொல்லும். ஆளைக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். என்னையும் கூட வரச் சொன்னார். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

செக்ரட்டரி அறையில் முதல்வரும் இருந்தார். எங்களைப் பார்த்ததுமே அவர் முகம் தொங்கிவிட்டது. மேடம் உட்காரக்கூட இல்லை.

"சார், நாற்காலிக்கு வேணும். நீங்க எத்தனை கிலோ?"

செக்ரட்டரி தெலுங்கில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன். "போன வருஷம் உடைஞ்சதே, அதனாலயா?" என்றார்.

அந்தச் சம்பவம் நடந்ததை ஒருவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. முதல்வர் கூரையைப் பார்த்தார்.

"ஆமா சார்."

"எனக்கே தெரியாது மேடம்" என்றார் செக்ரட்டரி. "கோழி வியாபாரத்துல எடை போடாம ஒரு குஞ்சைக்கூட வித்ததில்லை. இப்ப வீட்டுல மெஷினை எங்கேயோ ஒளிச்சு வெச்சுட்டாங்க. டாக்டர் மூஞ்சியைப் பார்த்து மருந்து எழுதிடறார். யாரைப் பார்த்தாலும், இளைச்சுட்டீங்க சார்ங்கிறாங்க. கீழே விழுந்தப்பக்கூட ஒருத்தரும் ஏன்னு கேக்கலை. காலுக்கு அடி பட்டுச்சான்னுகூடக் கேக்கலை." பிறகு எழுந்தார். "வாங்க போவோம்" என்றார்.

ஒர்க்ஷாப்பில் இரும்புக் கழிவு எடை போடும் தராசு ஒன்று இருந்தது. அகலமான மேடை, பக்கத்தில் ஒரு எண் காட்டும் பெட்டி. செக்ரட்டரி வாட்ச், மோதிரங்கள், செருப்பு எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பித்தார்.

"அதெல்லாம் நக்கோ சார்" என்றார் மேடம். "விழாவுல கழட்டி வெச்சுட்டா உக்காருவீங்க? எல்லாத்தோடயும் ஏறுங்க. மாலை போடுவாங்கல்ல, சால்வை எத்தனை வரும்?"

சால்வைக்குப் பதிலாக ஒர்க்ஷாப் திரைச்சீலையை மடித்து அவர் கையில் கொடுத்தார்கள். மாலைக்குப் பதிலாக ஒரு சைக்கிள் டியூப். அவர் தராசில் ஏறி நின்றார். அந்த எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்களை நம்பி ஏறியவர் அவர். எண்ணைப் பார்த்ததும் முதல்வர் வெளியே போய்விட்டார். செக்ரட்டரி மட்டும் அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் நினைச்சதைவிடக் கம்மிதான்" என்றார்.

மேடம் விடவில்லை. நீங்கள் மெதுவாக உட்காருவீர்களா, தொப்பென்று உட்காருவீர்களா என்று கேட்டார். அவர் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து காட்டினார். தொப்பென்றுதான் உட்கார்ந்தார். சாய்வீர்களா, காலை ஆட்டுவீர்களா, எழுந்திருக்கும்போது கையை எங்கே ஊன்றுவீர்கள். எல்லாவற்றுக்கும் செய்து காட்டினார். ஒர்க்ஷாப்பில் நின்ற பசங்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. போகும்போது, "விழா முடியட்டும் மேடம், உங்க நீட்டிப்புல அன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன். நீங்க போயிட்டா என்னை யார் கேப்பாங்க?" என்றார்.

நாற்காலி தயாரானது. மெல்லிய இரும்புக் குழாய்கள், தேக்குக் கைப்பிடி, பார்க்க அழகாக இருந்தது. சுவாதி ஒரு கையால் தூக்கிக் காட்டினாள். கம்ப்யூட்டர் படத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது, மற்றதெல்லாம் நீலம். மேடம் முதல் தடவையாகப் படத்தைப் பார்த்தார். "ம்" என்றார்.

ஆண்டு விழா. தலைமை விருந்தினராக ஒரு அரசியல் பெரும்புள்ளி வந்திருந்தார். கல்லூரியில் ஒரு புது கோர்ஸுக்கு அவருடைய தயவு வேண்டியிருந்தது. ஆகிருதியில் அவர் செக்ரட்டரிக்கு அண்ணன் மாதிரி. மேடையில் ஒரு வரிசை வாடகை சோபா நாற்காலிகள், நடுவில் எங்கள் நாற்காலி. முதல்வர் மைக்கில் நாற்காலியின் பெருமையை விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த செக்ரட்டரி மரியாதை மிகுதியில், "நீங்க உக்காருங்க சார்" என்று பெரும்புள்ளிக்கு அதன் பக்கம் கையைக் காட்டினார்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேடம் எழுந்தார்.

"மேடம், நக்கோ" என்றேன். அவர் காதில் விழவே இல்லை. மேடைப் படிகளில் ஏறி, பெரும்புள்ளி முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். முதல்வர் அணைக்க மறந்த மைக் நடுவில் இருந்தது.

"நமஸ்காரம் சார். மீரு என்னி கிலோலு உண்டாரு?"

நீங்கள் எத்தனை கிலோ இருப்பீர்கள் என்ற கேள்வி அரங்கம் முழுக்கக் கேட்டது. பெரும்புள்ளி பாதி குனிந்த நிலையில், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். அப்புறம் இரண்டாயிரம் பேரும் சிரித்தார்கள். மேடம் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பதில் நிஜமாகவே வேண்டியிருந்தது; அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்தேன். செக்ரட்டரிக்கும் தெரிந்திருக்கிறது. அவர் விருந்தினரின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து சோபாவில் உட்கார வைத்துவிட்டு, எங்கள் நாற்காலியில் தானே தொப்பென்று உட்கார்ந்தார். நாற்காலி அசையவில்லை. பெரும்புள்ளி கலை நிகழ்ச்சிகளுக்கு இருக்கவில்லை, முதல் நடனம் ஆரம்பிப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டார்.

மறுநாள் செக்ரட்டரி எங்களைக் கூப்பிட்டார். முதல்வரும் இருந்தார். மேஜையில் மேடத்தின் நீட்டிப்பு ஆணை, பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

"காலையிலேர்ந்து அவங்க ஆளுங்க போன் மேல போன். உங்களை வெச்சிருக்கக் கூடாதாம்" என்றார் செக்ரட்டரி. "நான் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். அந்த நாற்காலி என் எடைக்குச் செஞ்சது, அவர் உக்காந்திருந்தா உடைஞ்சிருக்கும், மேடைல விழக் கூடாதுன்னுதான் எங்க மேடம் ஓடி வந்தாங்கன்னு. அவருக்குப் பாதி சமாதானம் ஆயிடுச்சு. உண்மைதானான்னு உங்க வாயால கேக்கணுமாம். போன் போடறேன். ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இங்கேயே கையெழுத்துப் போட்டுடறேன்."

எனக்கு உயிர் வந்தது. மேடம் ஆமாம் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"அது எனக்குத் தெரியாதே சார்."

"எது?"

"உடைஞ்சிருக்குமான்னு. அவர் எடையைச் சொல்லவே இல்லையே."

"பார்த்தாலே தெரியலையா மேடம்?"

"உங்களையும் பார்த்துட்டுத்தான் சார் எழுபத்தஞ்சுன்னாங்க."

முதல்வர் இருமினார். நான் மேஜைக்கு அடியில் மேடத்தின் காலைத் தட்டினேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

"தாங்கியிருக்கவும் தாங்கியிருக்கலாம் சார். சுவாதி கொஞ்சம் கூடுதலாத்தான் விட்டிருக்கா. நான் இல்லைன்னு சொல்லலை. நீங்க அவரைக் கேட்டு எத்தனைன்னு சொல்லுங்க, அரை மணியில கணக்குப் போட்டுச் சொல்லிடறேன். உடையும்னு வந்தா, ஆமாம்னு நானே போன்ல சொல்றேன்."

இதில் எந்தக் குறும்பும் இல்லை, வீம்பும் இல்லை. அவருக்கு அந்த வேலை வேண்டும். அதைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். செக்ரட்டரிக்கும் அது புரிந்தது. முதல்வரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து போனை எடுத்தார். கேட்டுவிடுவார் என்றே எனக்குத் தோன்றியது. தராசில் ஏறி நின்ற மனிதர் ஆயிற்றே.

மறுமுனையில் பெரும்புள்ளியே எடுத்தார். செக்ரட்டரி நேற்றைய விழாவுக்கு வந்ததற்கு நன்றி சொன்னார். மழையைப் பற்றிப் பேசினார். கீசரா சாலை அகலப்படுத்துவதைப் பற்றிப் பேசினார். அவருடைய மகன் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைத்துவிட்டதா என்று விசாரித்தார். பேசப் பேச அவர் நெற்றி வியர்த்துக்கொண்டே வந்தது. "இன்னொரு விஷயம் சார்" என்றார். அவர் வாயைத் திறந்தபடி மேடத்தைப் பார்த்தார். மேடம், கேளுங்கள் என்பது போலத் தலையை ஆட்டினார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார் செக்ரட்டரி. "உடம்பைப் பார்த்துக்குங்க."

போனை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேடம் எழுந்தார். மேஜைமேல் திறந்து கிடந்த பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"பரவால்ல சார்" என்றார், குழந்தையிடம் பேசுவது போல. "மொதல் தடவை கேக்கறப்போ கஷ்டமாத்தான் இருக்கும்."